ஒப்புக்குச் சப்பாணி

குடும்பக் குழு, ஞாயிறு காலை

தங்கை (9.12): அனைவருக்கும் வணக்கம். இளையோர் ஆலோசனைக் குழுவில் நான் சேர்ந்தபோது எல்லோரும் வாழ்த்தினீர்கள் என்பதால் இதையும் உங்களிடமே முதலில் சொல்கிறேன்: விலகிவிடலாம் என்று நினைக்கிறேன். மூன்று கூட்டங்களிலும் நான் செய்தது வரவேற்புரை வாசித்ததும் குழுப் படத்தில் முன்வரிசையில் நின்றதும்தான். நூலகத்தின் வாசிப்பு அறையை மாலை ஆறு மணிக்கே பூட்டக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். "பிறகு பார்க்கலாம்" என்று வாங்கி வைத்தவர், அந்தத் தாளின் மேலேயே தேநீர்க் கோப்பையை வைத்தார்.

பெரியப்பா (9.20): கண்ணம்மா, சேர்ந்தவுடனேயே முடிவெடுக்கும் இடத்தில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்பதும் ஒரு பயிற்சிதான். இப்போது படிப்பைக் கவனி, ஓட்டுரிமை வந்த பிறகு கேள்வி கேட்கலாம்.

அத்தை (9.31): அண்ணா, நீங்கள் சொல்வது போல் காத்திருக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்றும், அந்தக் கருத்துக்கு அவர்களுடைய வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. வாயைத் திறக்க விட்டால் போதாது, சொன்னதை எடை போட்டுப் பார்க்கவும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஓட்டையே எடுத்துக்கொண்டாலும் பிரேசில் 1988இலும் ஆஸ்திரியா 2007இலும் பதினாறு வயதினருக்கு அதைக் கொடுத்துவிட்டன.

இவளுக்கு நடந்ததற்குப் பெயரே இருக்கிறது. ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர், 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடியிலுள்ள மூன்று படிகளான ஆட்டுவித்தல், அலங்காரமாக நிறுத்துதல், பெயருக்குச் சேர்த்தல் ஆகியவற்றை அவர் பங்கேற்பு என்றே கணக்கில் எடுக்கவில்லை. மூன்றாவது படிக்கு நாம் விளையாட்டிலேயே பெயர் வைத்திருக்கிறோமே, ஒப்புக்குச் சப்பாணி! அவன் தொட்டாலும் அவுட் இல்லை, அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை.

அண்ணன் (9.38): அத்தை சொன்னது சரிதான், ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார் யார்?

தங்கை (9.44): மொத்தம் பதினைந்து பேர். அவர்களில் பதின்மூன்று பேர் மூன்றே பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். மாலையில் வேலைக்குப் போகும் ஒரு பையன் முதல் கூட்டத்துக்கு வந்தான். கதவோரம் உட்கார்ந்து, மணியைப் பார்த்துக்கொண்டே இருந்து, பேச்சு பள்ளிக் கழிப்பறைகளைப் பற்றித் திரும்பிய நேரத்தில் எழுந்து போய்விட்டான். அதைப் பற்றி எங்கள் எல்லோரையும் விட அவனுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வராததால் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

பெரியப்பா (9.50): விண்ணப்பம் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருந்தது? வராதவனை யார் என்ன செய்ய முடியும்?

நான் (10.03): பெரியப்பா, படிவம் ஒன்றாக இருந்ததுதான் சிக்கலே. அது இணையத்தில் மட்டும் இருந்தது, தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்டது, கூட்டத்தையும் வேலை நாளில் வைத்தார்கள். வீட்டில் ஒரே கைபேசியை நால்வர் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைக்கும், தனி அறையும் மடிக்கணினியும் உள்ள பிள்ளைக்கும் ஒரே அளவுச் சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, பொருந்தாதவனைப் பார்த்து உனக்கு அக்கறை இல்லை என்று சொல்வது எப்படி நியாயமாகும்? கல்வியில் பின்தங்க வைக்கப்பட்டவர்கள்தான் கல்வியைப் பற்றிப் பேசும் மேசையிலும் இல்லாமல் போகிறார்கள். வாசிப்பு அறை விஷயமும் இதுதான். வீட்டில் மேசையும் விளக்கும் இருப்பவருக்கு அது ஆறு மணிக்குப் பூட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அண்ணன் (10.11): அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பாஸ்டன் நகரம் ஓர் உதாரணம். 2014இல் அந்த நகர நிர்வாகம் தன் நிதியில் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, எதற்குச் செலவிடலாம் என்று 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களே வாக்களித்து முடிவு செய்ய விட்டது. பிள்ளைகள் கையில் காசு கொடுத்தால் விளையாட்டாகச் செலவழிப்பார்கள் என்று நினைப்போம். அவர்கள் தேர்ந்தெடுத்தவற்றில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான மடிக்கணினிகளும் பூங்காச் சீரமைப்பும் இருந்தன.

பெரியப்பா (10.19): பதினாறு வயதில் ஓட்டு என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை, அதைப் பிறகு வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பையனின் பெயரை அடித்தது தவறு. நீ எழுதிய பக்கத்தை இங்கே அனுப்பு.

தங்கை (10.22): (படம்) கோப்பைக் கறை இருக்கிறது, மன்னியுங்கள்.

பெரியப்பா (10.41): கறையை விட மோசம் உன் கடிதம். முப்பது ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், இதை யாரும் மறுக்கவே வேண்டியதில்லை, "பரிசீலிக்கப்படும்" என்று எழுதிக் கட்டி வைத்துவிடலாம். முதலில், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி எழுத்தில் கேள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் வாங்கு. இரண்டாவதாக, யாரிடம் எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதைக் குறிப்பிடு. மூன்றாவதாக, முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் உன் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் அதையே முதல் கேள்வியாக எழுப்பு.

அத்தை (10.44): அண்ணா, சற்று முன் கேள்வி கேட்கவே கூடாது என்றீர்கள்!

பெரியப்பா (10.46): கேட்பதென்றால் ஒழுங்காகக் கேட்கட்டும் என்கிறேன்.

தங்கை (10.58): இன்னொரு கோரிக்கையையும் சேர்க்கிறேன். கூட்டத்தை மாதம் ஒரு முறையாவது ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும், நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அவனிடம் கேட்காமல் அவனுக்காக எழுதுவது சரியாக இருக்காது என்பதால், இன்று மாலை அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

பெரியப்பா (11.02): போ. கடைசிப் பத்தியில் "தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று இருப்பதை எடுத்துவிட்டு "கேட்டுக்கொள்கிறோம்" என்று போடு. கையெழுத்துக்கு இடம் இரண்டு பேருக்கு விடு.