ஆட்டம் எகோயனின் ஆட்டம் எந்தப் படத்தோடு முடிந்தது?

பின்வரிசை:
கனடா இயக்குநர் ஆட்டம் எகோயனின் 'அரராத்' (2002) படத்தை நேற்று இரண்டாம் முறை பார்த்தேன். என் கருத்து மாறவில்லை. தன் இனத்தின் கதையை நேரடியாகச் சொல்ல உட்கார்ந்த அன்றே எகோயன் சறுக்கிவிட்டார். 1960-ல் கெய்ரோவில் ஆர்மீனியப் பெற்றோருக்குப் பிறந்து, சிறு வயதிலேயே கனடாவின் விக்டோரியா நகருக்குப் போனவர். வீட்டு மொழியைப் பையனாக இருக்கும்போது உதறிவிட்டு, டொராண்டோவில் படிக்கப் போன பிறகு அதைத் தேடிப் போனவர். அந்தக் கூச்சமும் ஏக்கமும் அவருடைய 'காலண்டர்' (1993) படம் முழுக்க இருக்கின்றன. 'அரராத்'தில் இருப்பது வகுப்பு. துருக்கியில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்ட 1915 படுகொலையைப் பற்றி ஆளுக்கு ஆள் பாடம் எடுக்கிறார்கள்.

ஓரக்கண்:
நீங்கள் வகுப்பு என்று சொல்வதில் பாதி, படத்துக்குள் எடுக்கப்படும் இன்னொரு படம். அதன் இயக்குநராக சார்ல் அஸ்னவூர் நடித்திருப்பார். துருக்கியில் உள்ள 'வான்' என்ற நகரின் முற்றுகைக்கான செட்டில் பின்னால் அரராத் மலையை வரைந்து வைத்திருப்பார்கள். கலை வரலாறு தெரிந்த ஆனி, அந்த ஊரிலிருந்து இந்த மலை தெரியாதே என்பாள். அதனால் என்ன, இருக்கட்டும் என்றுவிடுவார்கள். தன் தரப்பு சினிமாவையே கிண்டல் செய்கிறார் ஐயா மனுஷன்!

பின்வரிசை:
என் குறையே அதுதான். செட் பொய் என்று காட்டிவிட்டு, அதே செட்டில் நடக்கும் கொடூரத்துக்கு நம்மை அழவும் சொல்கிறார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. 'காலண்டர்' அப்படியா? ஆர்மீனியாவின் 12 தேவாலயங்களைப் படம்பிடிக்க வந்த புகைப்படக்காரராக எகோயனே வருகிறார். மொழிபெயர்ப்பவர் மனைவி, நிஜ மனைவி அர்சினே கான்ஜியன்தான் நடித்தது. ஓட்டுநர் சொல்லும் கதை இவருக்குப் புரியாது. கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டால், அது தோன்றவே இல்லை என்பார். காரில் போகும்போது ஓர் ஆட்டு மந்தையை வீடியோ எடுக்கிறார். மந்தை வந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில்தான் ஓட்டுநர் அவள் கைமேல் கை வைத்தார் என்பது ரொம்ப நாள் கழித்து, போனில் அவள் விட்ட செய்தியில் தெரியவரும். ஊரும் போச்சு, பெண்டாட்டியும் போச்சு, கேமராவில் ஆடுகள் மட்டும் மிச்சம்.

புதுவரவு:
நான் 'க்ளோயி' (2009) மட்டும் பார்த்தவன். அதே ஆளா இவர்?

பின்வரிசை:
அதே ஆள்தான். அது ஒரு பிரெஞ்சுப் படத்தின் மறு ஆக்கம், கதை வசனமும் அவருடையதல்ல. விட்டுவிடுங்கள்.

ஓரக்கண்:
'காலண்டர்' பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பதிவு அழிந்தபின் யார் பேச்சை நம்புவது என்பதை அவர் முதலிலிருந்தே கேட்கிறார். 'ஃபேமிலி வியூயிங்'கில் (1987) அப்பன் தன் படுக்கையறைக் காட்சிகளைப் பதிவு செய்வது மகனின் சின்ன வயது நாடாக்கள் மேலேயே. பையன் ஆர்மீனிய மொழி பேசிய நாட்கள் அதில்தான் இருந்தன. 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' (1997): பள்ளிப் பேருந்து விபத்தில் பிழைத்த பெண் சாட்சியத்தில் ஒரு பொய் சொல்கிறாள், வழக்கே நின்றுபோகிறது. இப்போது 'அரராத்' சுங்கச் சோதனைக்கு வாருங்கள். துருக்கியிலிருந்து திரும்பிய பையன், பிலிம் டப்பாவைத் திறந்தால் படம் கெட்டுவிடும் என்கிறான். ஓய்வுபெறப் போகும் அதிகாரி கிறிஸ்டோபர் பிளம்மர் உட்கார்ந்து அவன் கதை முழுவதையும் கேட்கிறார். டப்பாவில் இருப்பது ஹெராயின். இருந்தும், பையனுக்கு அது தெரியாது என்று நம்பி விட்டுவிடுகிறார். இல்லவே இல்லை என்று மறுக்கப்பட்ட ஒரு படுகொலையைப் பற்றிய படத்தில் இதைவிட வேறென்ன காட்சி வைக்க முடியும்?

பின்வரிசை:
அந்த அறை மட்டுமே படமாக இருந்திருந்தால் உங்கள் பக்கம் வந்திருப்பேன். ஓவியர் ஆர்ஷில் கோர்க்கி தான் வரைந்த அம்மாவின் கைகளைத் தன் கையாலேயே தேய்த்து அழிப்பாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இறங்கி வர மாட்டேன்.

புதுவரவு:
சரி, எதில் தொடங்கட்டும்?

பின்வரிசை:
'காலண்டர்'. ஒன்றேகால் மணி நேரம்தான்.

ஓரக்கண்:
அதில் சண்டை இல்லை, 'காலண்டர்'தான். ஆனால் அதே சூட்டில் 'அரராத்'தைப் போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் போகட்டும்.