குழந்தைங்களோட வேற ஸ்டேட்டுக்கு குடி போனவங்க, மறக்கவே முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்க

வாகட்_வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். ஆபீஸ் புனே ஹிஞ்சேவாடில, அதனால வீடு பக்கத்துல வாகட்ல, இங்க வர்ற நெறைய பேரு பண்றதுதான். லாரி வழியிலயே லேட்டு, அப்பார்ட்மென்ட் சொசைட்டி கேட்டுக்கு வரும்போது ராத்திரி எட்டு தாண்டிருச்சு, ஆறு மணிக்கு மேல ஷிஃப்டிங் அலவ்டு இல்லைன்னு வாட்ச்மேன் கேட்ட தொறக்கவே இல்ல. லாரிக்காரன் எனக்கு அடுத்த லோடு இருக்குன்னு எல்லாத்தையும் ரோட்டோரமா எறக்கி வெச்சுட்டு போயிட்டான். ஆகஸ்ட் மாசம், அங்க நசநசன்னு தூறிட்டே இருக்கும் தெரியும்ல. பீரோ, கிரைண்டர், மாமியாரோட சாமி படம் எல்லாத்துக்கும் மேல தார்ப்பாய், சுருட்டின மெத்தை மேல என் பொண்ணு தூங்குறா. செகரட்டரி லுங்கியோட எறங்கி வந்து, போன்ல ரூல் புக்க ஓப்பன் பண்ணி ஒவ்வொரு வரியா எனக்கு படிச்சுக் காட்டிட்டு மேல போயிட்டாரு. விடிய விடிய நானும் வாட்ச்மேனும்தான் காவல். மறுநாள் சாமான் ஏத்தி முடிச்சு கதவ சாத்துறேன், பெல் அடிக்குது. அதே ஆளு, கையில ரசீது புக்கு, கண்பதி வர்கணியாம், அதான் பிள்ளையார் விழா வசூல். பொண்ணு கையில ஒரு பேடா வேற குடுக்குறாரு. நானும் 501 எழுதிட்டேன். ஏன் எழுதுனேன்னு இன்னைக்கு வரைக்கும் வீட்ல கேக்குறாங்க.

ரெண்டுபசங்கஅம்மா:
நொய்டா. சின்னவனுக்கு ஒம்பதாம் மாசம் மீசில்ஸ் ஊசி. நம்ம ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்த கார்டு, பாதி தமிழ், மீதி நர்ஸ் கிறுக்கல். டாக்டர் அத பொரட்டி பொரட்டி பாத்துட்டு, ஒண்ணும் புரியல, எல்லாத்தையும் முதல்ல இருந்து போட்டுடலாம்னு காப்பி சாப்புடலாமாங்கற மாதிரி சொல்றாரு. ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம்னு ஒவ்வொண்ணுக்கும் அந்தப் புள்ள காய்ச்சல்ல கெடந்தது எனக்குல்ல தெரியும். உள்ள இருந்து ஒரு மலையாளி சிஸ்டர் வந்து "மோளே இங்க தா"ன்னு வாங்கி, சீல் மேல வெரல வெச்சு ஒவ்வொரு தேதியா படிச்சாங்க. எல்லாம் போட்டிருக்கு சார்னு அவங்க சொன்னதும் டாக்டர் சரின்னு தலையாட்டிட்டாரு. அந்த சிஸ்டருக்கு அன்னைக்கு லீவா இருந்திருந்தா?

சின்னாளப்பட்டி_பையன்:
@வாகட்_வாசி பாஸ், கோச்சுக்காதீங்க, செகரட்டரி மேல தப்பே இல்ல. நான் அதே ஏரியா பக்கத்துல பிம்ப்ளே சௌதாகர்ல இருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு லிஃப்ட்ல பீரோ ஏத்துறவனால எத்தன நாள் எங்க வீட்டுக் கைக்குழந்த முழிச்சிருக்கு தெரியுமா. ரூல்ஸ் முன்னாடியே வாங்கிப் படிக்கணும்.

வாகட்_வாசி:
@சின்னாளப்பட்டி_பையன் படிச்சேன் பாஸ். லாரி படிக்கல.

ஹொசூர்ரோடு_ராணி:
பெங்களூரு. டிஎன் நம்பர் கார், சில்க் போர்டு கிட்ட ஓரங்கட்ட சொன்னாங்க. எவ்ளோ நாளா இங்க ஓட்டுறீங்க, ப்ரூஃப் என்னன்னு கேள்வி. வீட்டுக்காரர் அத்திபெலே டோல் ஃபாஸ்டேக் மெசேஜ தேடிட்டு இருக்காரு, வெயில் மண்டைய பொளக்குது, பின்னாடி பையன் அம்மா அம்மாங்கறான், நான் திரும்பறதுக்குள்ள கண்ணாடி வழியா அப்படியே வாந்தி, கரெக்டா அந்த போலீஸ்காரர் ஷூ மேல. மனுஷன் ரெண்டடி பின்னாடி போயி ஹோகி ஹோகின்னு, போங்க போங்கன்னு, கைய ஆட்டிட்டாரு. இப்பவும் அந்தப் பக்கம் போறப்ப இவனுக்கு ரெண்டு இட்லி எக்ஸ்ட்ரா ஊட்டிடலாமான்னு தோணும்.

சட்டம்_சங்கர்:
@ஹொசூர்ரோடு_ராணி சிஸ்டர், சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, இது சீரியஸ். எங்களையும் அங்க புடிச்சாங்க, அது பெரிய கதை இல்ல. மோட்டார் வாகன சட்டம் செக்‌ஷன் 47 படி வேற மாநிலத்து வண்டி 12 மாசத்துக்கு மேல இங்க இருந்தா புது நம்பர் வாங்கியே ஆகணும். மொதல்ல ஊர் ஆர்டிஓ ஆபீஸ்ல ஃபார்ம் 28 குடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று), லோன் இருந்தா பேங்க்கோட சம்மதமும் வேணும். அப்புறம் இங்க ஃபார்ம் 27, வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி லைஃப் டாக்ஸ். ஊர்ல கட்டின டாக்ஸ்ல மிச்ச வருஷத்துக்கு ரீஃபண்ட் கேக்கலாம், ஆனா ஆர்டிஓ வாசல்ல செருப்பு தேயும். அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகுறவங்க புது வண்டி வாங்கும்போதே எல்லா மாநிலத்துலயும் செல்லுற பிஎச் (பாரத்) சீரிஸ் நம்பர் போட்டுக்கலாம், 2021ல வந்துச்சு. கவர்மென்ட் ஆளுங்களுக்கு உண்டு, பிரைவேட்னா கம்பெனிக்கு நாலு மாநிலத்துலயாவது ஆபீஸ் இருக்கணும். அது வந்தப்ப டாக்ஸும் ரெண்டு ரெண்டு வருஷமா கட்டுனா போதும்னு இருந்துச்சு. அதோட வோட்டர் ஐடிக்கு ஃபார்ம் 8, கேஸ் கனெக்‌ஷன் டிரான்ஸ்ஃபர், பசங்க டிசி எல்லாம் கெளம்புறதுக்கு முன்னாடியே ரெடி பண்ணுங்க, டிசில கல்வி அதிகாரி கையெழுத்து வேணுமான்னு புது ஸ்கூல்ல கேட்டுக்கோங்க, அதுக்காக திரும்ப ஊருக்கு ஓடுனவங்கள எனக்குத் தெரியும்.

கச்சிபௌலி_அப்பா:
யாராவது ஸ்கூல் கதை சொல்லுவீங்கன்னு பாத்தா ஆர்டிஓ ஆபீஸ் தொறந்துட்டீங்க. ஹைதராபாத். தெலங்கானால 2018 சட்டத்துக்கு அப்புறம் சிபிஎஸ்இயா இருந்தாலும் தெலுங்கு உண்டு. பையன் மூணாவது, சேந்து ஒரு மாசம் கூட ஆகல, பரீட்சை வந்துருச்சு. பேப்பர் வீட்டுக்கு வந்துச்சு பாருங்க, எல்லா கேள்விக்கும் பக்கம் பக்கமா பதில் எழுதியிருக்கான், எல்லாம் தமிழ்ல. கேள்வியே புரியாம என்னடா எழுதுனன்னு பாத்தா, எங்க பழைய வீடு, மாடி, பக்கத்து வீட்டு நாய் எத்தன குட்டி போட்டுச்சு, அதுல எது யாருக்கு. மிஸ் செகப்பு மையில பெரிய முட்டை போட்டு, பக்கத்துலயே குட் ஹேண்ட்ரைட்டிங்னு எழுதியிருக்காங்க. இவன் அத தாத்தாவுக்கு வீடியோ கால்ல காட்டிட்டு இருக்கான், நான் பக்கத்து ரூம்ல டியூஷனுக்கு ஆள் தேடிட்டு இருக்கேன்.

ஹொசூர்ரோடு_ராணி:
@சட்டம்_சங்கர் அண்ணா, எல்லாம் சரி. வண்டி என் மாமனார் பேர்ல இருக்கு, அவரு கும்பகோணத்த விட்டு நகர மாட்டாரு. என்ஓசிக்கு அவரே நேர்ல போகணுமா, இல்ல கையெழுத்து மட்டும் போதுமா?