ஷிண்டோ சடங்குப் பொருட்கள்: அடையாளமா, இருப்பிடமா?

கயல்விழி: ஜப்பானின் பாரம்பரியச் சமயமான ஷிண்டோ பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பேரரசரின் மூன்று அரசுரிமைப் பொருட்களை வைத்து “கண்ணாடி உண்மை, வாள் வீரம், மணிக்கல் கருணை” என்று ஒரே பட்டியலை ஒப்பிக்கிறார்கள். வழிபடுகிறவருக்கு அந்தக் கண்ணாடி காமி, அதாவது தெய்வம், வந்து தங்கும் இடம். இசே ஆலயத்தில் உள்ள யாத்தா என்ற அந்தப் புனிதக் கண்ணாடியை யாரும் பார்ப்பதே இல்லை. கண்ணில் படாத பொருள் எப்படி அடையாளமாகும்?

மாறன்: அந்தப் பட்டியல் நேற்று முளைத்ததல்ல. 1339லேயே கிதாபாதாகே சிக்காஃபுசா என்ற அரசவைப் பிரபு எழுதிவிட்டார். அவர் கணக்கில் கண்ணாடி நேர்மை, மணிக்கல் கருணை, வாள் அறிவு. அப்புறம், 2019 மே 1 அன்று பேரரசர் நருஹிதோ அரியணை ஏறியபோது வாளும் மணிக்கல்லும் மூடிய பெட்டிகளில்தான் வந்தன. உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும் அரசுரிமை கைமாறியது எல்லோருக்கும் புரிந்தது. இது அடையாளம் இல்லையென்றால் வேறு எது?

கயல்விழி: சிக்காஃபுசா சாட்சிக்கு நல்ல ஆள்தான்! இரண்டு அரசவைகள் மோதிய காலத்தில் தெற்கு அரசவைக்காக வாதாடியவர். அரியணையை விடுங்கள். நாரா பக்கம் ஓமிவா ஆலயத்தில் காமிக்கான கருவறைக் கட்டடமே கிடையாது, மிவா மலையைத்தான் வணங்குகிறார்கள். மலைக்கு எந்தக் குணத்தை எழுதுவீர்கள்?

தச்சன்மகன்: இரண்டு பேருமே செய்முறையை விட்டுவிட்டீர்கள். இசேயில் 20 ஆண்டுக்கு ஒருமுறை ஆலயத்தைப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013ல் நடந்தது 62வது முறை. கூடவே 714 வகைகளில் 1576 பொருட்களைப் பழைய முறைப்படியே செய்கிறார்கள். அதில் ஒரு வாளின் கைப்பிடிக்குத் தோக்கி என்ற கொண்டைப் பறவையின் இறகு வேண்டும். ஜப்பானின் சொந்த வம்சத்தைச் சேர்ந்த கடைசித் தோக்கி 2003ல் செத்துப்போனது. அர்த்தம் மட்டும் போதுமென்றால் ஏதோ ஒரு கொக்கின் இறகை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே?

மாறன்: இசேயை வைத்து எல்லா ஆலயத்தையும் அளக்காதீர்கள். காமிக்குப் படைக்கும் தமாகுஷி என்பது வெள்ளைக் காகிதம் கட்டிய, சகாகி என்ற பசுமைமாறா மரத்தின் கிளை. காம்பு சன்னிதியைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். தோக்கியோ பக்கம் குளிரில் சகாகி சரியாக வளராது, அதனால் ஹிசாகாகி என்ற வேறு மரத்தின் கிளையை வைக்கிறார்கள். மரம் மாறியும் சடங்கு நிற்கவில்லை. என்றும் பசுமை என்ற அர்த்தம் இருந்தால் போதும்.

கயல்விழி: கிளை காணிக்கை, அது மாறலாம். காமி தங்கும் பொருளை மாற்றுவார்களா? தச்சன்மகன் சொன்ன 1576ல் அந்தக் கண்ணாடி சேராது. 2013 அக்டோபர் 2 இரவு வெண்பட்டுத் திரைக்குள் மறைத்துப் புது ஆலயத்துக்கு எடுத்துப்போனது பழைய கண்ணாடியைத்தான்.

மாறன்: 1185ல் தன்னோஉரா கடற்போரில் அரண்மனை வாள் மூழ்கியது. பிறகு வேறு வாள் அந்த இடத்துக்கு வந்தது. அரச மரபு அறுந்தா போயிற்று?

கயல்விழி: மூழ்கியது பிரதி. மூல வாள் நகோயாவின் அத்சுதா ஆலயத்தில் இருப்பதாகத்தான் மரபு சொல்கிறது.

மாறன்: சரி, அரியணை ஏறும்போது பேரரசர் கைக்கு வருவது எது? மூழ்கியதற்குப் பதிலாக வந்த பிரதிதானே?