மறு: முக்காலியில் மாட்டும் ‘பனோரமா ஹெட்’ தமிழில் எப்படி?

செ. எழுதியது:
வணக்கம். ஒளிப்படப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே சொல்லில் நிற்கிறது. சாதாரண முக்காலியில் கேமரா தன் அடித்திருகைச் சுற்றித் திரும்பும். பல படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்கும் பனோரமாவுக்கான ஹெட்டில் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, லென்சின் நுழைவுக் கண்மணி (entrance pupil: முன்னாலிருந்து பார்த்தால் லென்சுக்குள் துவாரம் தெரியும் இடம்) சுழலச்சின்மேல் நிற்கும்படி பொருத்துகிறோம். இல்லாவிட்டால் நாயக்கர் மகாலில் அருகிலிருக்கும் தூண் ஒவ்வொரு படத்திலும் பின்சுவரின் வேறு வேறு இடத்தை மறைக்கும். ஒட்டும்போது தூண் உடையும். ‘அகலப்பரப்புக்காட்சிச் சுழற்சித் தாங்கி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். எனக்கே வாயில் நுழையவில்லை.

க. எழுதியது:
‘அகல்காட்சித் தலை’ போதுமே. அகல்விசும்பு போல வினைத்தொகை. ‘அகற்காட்சி’ என்று யாரும் திருத்த வரவேண்டாம். ராபர்ட் பார்க்கர்கூட 1787இல் தம் வட்ட ஓவிய முறைக்குக் காப்புரிமை வாங்கியபோது நீளமான பிரெஞ்சுத் தொடரைத்தான் வைத்தார். பனோரமா என்ற கிரேக்க ஒட்டுச்சொல் பிறகு வந்தது.

ம. எழுதியது:
ஐயா, அகல்காட்சி என்றால் எங்கள் ஸ்டூடியோப் பையன்கள் கார்த்திகை தீபத்தைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவார்கள். ‘பனோ ஹெட்’ என்றே போடுங்கள். அதைவிட முக்கியம், வரைவில் அந்தக் கண்மணி இடத்துக்குக் ‘கணுப்புள்ளி’ என்றிருக்கிறது. தொழிலில் ‘நோடல் பாயிண்ட்’ என்று சொல்வதே தப்பு. ஒளியியலில் அது வேறு புள்ளி. ஆங்கிலக்காரன் பிழையை நாம் ஏன் தமிழ்ப்படுத்த வேண்டும்?

வ. எழுதியது:
பள்ளி இயற்பியலில் ‘இடமாறு தோற்றம்’ (பார்க்கும் இடம் மாறினால் பொருள் நகர்ந்ததுபோல் தெரிவது) இருக்கிறதே. அதையொட்டி ‘இடமாறாப் புள்ளி’ என்போம். கிட்டே ஒரு குச்சி, தூரத்தில் ஒரு கம்பம், இரண்டையும் நேராக வைத்துக் கேமராவை இடவலமாகத் திருப்புங்கள். இரண்டும் ஒன்றைவிட்டொன்று விலகாத இடம் வரும்வரை பட்டையில் முன்பின்னாக நகர்த்த வேண்டும். ஜூம் மாற்றினால் திரும்பவும் தேட வேண்டும்.

க. எழுதியது:
ஜூம் செய்தால் இடம் மாறுகிற புள்ளிக்கு ‘இடமாறா’ என்று பெயரா! கண்மணிக்குள் இருப்பது பாவை. ‘கருமணியிற் பாவாய்நீ போதாயாம்’ (குறள் 1123). ஆங்கிலத்தில் கண்மணியைக் குறிக்கும் ‘பியூப்பில்’ வந்த லத்தீன் சொல்லுக்கும் சிறுமி, பொம்மை என்றுதான் பொருள். ‘நுழைபாவை’ என்க. தோற்பாவைக்கூத்துக்கும் இதற்கும் உள்ள உறவை அடுத்த மடலில் விரிக்கிறேன்.

ம. எழுதியது:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், சாமி. தூரத்து மலையை மட்டும் எடுப்பவனுக்கு இந்தக் கருவியே வேண்டாம், கையில் பிடித்தே எடுக்கலாம். அதையாவது கையேட்டில் சேருங்கள்.

செ. எழுதியது:
சேர்த்தாயிற்று. நான் கடைசியாக வைத்த ‘பனோரமா சுழல்தலை’க்கு நான்கு பேர்; ‘அகல்காட்சித் தலை’க்குக் க. ஐயாவும் இன்னொருவரும், மற்றவர்கள் பதிலே போடவில்லை. ‘இடமாறாப் புள்ளி’ மேலே, பாவை அடிக்குறிப்பில். இன்றிரவு அனுப்புகிறேன்.

வ. எழுதியது:
சாதாரண முக்காலியில் மாட்டும் பந்துத்தலையும் (பால் ஹெட்) சுழலத்தானே செய்கிறது?

க. எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்க. சுழல்தலைதான் என்றால், நன்னூல்படி புணர்த்திச் ‘சுழறலை’ என்று அச்சிடுங்கள்.