மாசிப் பட்டத்துக்குக் கரிசல்ல என்ன போடலாம்?

வணக்கம். இடம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால ஒரு சென்ட். கரிசல் மண், காய்ஞ்சா விரல் நுழையுற அளவு வெடிக்கும், நனைஞ்சா மம்பட்டியில அப்பிக்கும். தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் 300 லிட்டர்தான்.

கொத்தவரை கட்டாயம் உண்டு, வறட்சியை நல்லாத் தாங்கும். வெண்டையும் உண்டு: விதையை ராத்திரி ஊற வெச்சு, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30. வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்பு நோயைப் பரப்பும். அதனால அந்த நோயைத் தாங்குற அர்கா அனாமிகா ரகம். தக்காளி இப்போ வேண்டாம். பகல் 35 டிகிரியைத் தாண்டிட்டா பூ பிடிக்காம உதிரும்.

கேள்வி பீர்க்கு, புடலையைப் பத்தி. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கிழக்கேருந்து அடிக்கிறப்போ இளங்கொடி நுனி கருகிடுது. கிழக்கு ஓரமா மூணு வாரம் முந்தியே ரெண்டு வரிசை மக்காச்சோளம் போட்டா தடுப்புக்குப் போதுமா? இல்ல, பச்சை வலையே கட்டணுமா? வலை கட்டினா தேனீ வரத்து குறையுமோன்னு கவலை.

இன்னொண்ணு, ரோஸ்மேரி. மத்தியதரைக்கடல் ஓரத்துச் செடி. அங்கே மழை குளிர்காலத்துல, கோடையில வறட்சி. நமக்கு எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, சூட்டோடவே இறங்குது, கரிசல்ல வேர் அழுகிடும். ஒரு அடி மேட்டுப்பாத்தி, பாதிக்குப் பாதி சரளை கலந்து வைக்கலாம்னு எண்ணம். கரிசல்ல ஆடி தாண்டி வளர்த்தவங்க இருந்தா, மேட்டுப்பாத்தியா, மண் தொட்டியான்னு தயவுசெஞ்சு சொல்லுங்க.