வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: எந்தப் பக்கம் போகலாம்?

கொக்குவிலான்:
நான் இருப்பது யாழ்ப்பாணத்தில். கியர் இல்லாத பழைய சைக்கிள் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. விடியப் புறப்பட்டு, பின்னேரம் வீடு திரும்பும்படி எங்காவது போக ஆசை. “பஸ் போகிற இடத்துக்கு ஏன் உழக்கிறாய்?” என்று அம்மா கேட்கிறார். எங்கே தொடங்கலாம்?

தீவுப்பக்கம்:
தம்பி, கியர் தேவையில்லை. எங்கள் ஊரில் மலை கிடையாது, காற்றுத்தான் ஏற்றம். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போங்கள். ஒரு வழி சுமார் 30 கிலோமீற்றர். சோழகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். அந்தத் தள்ளலுக்காகவே நான் போகிறேன்.

புங்குடுதீவுப் பாலத்தில் இரு பக்கமும் கடல். சங்கிலிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை பார்ப்பவர்களைச் சைக்கிளில்தான் முதலில் கவனித்தேன். ஒருமுறை அங்கேயே ரியூப் பொத்துவிட்டது. ஒட்டுச் சாமான் இருந்தது, பம்ப் இல்லை. மீனோடு வந்த ஐயா ஒருவர் பம்ப் தந்து, காற்றடிக்கும்வரை நின்றார். போகும்போது இரண்டு ஓரா மீனும் தந்தார்!

வடமராட்சிப் பிள்ளை:
எங்கள் வடமராட்சிப் பக்கமும் வாருங்கள்: வல்லிபுர ஆழ்வார் கோயில், அப்புறம் மணற்காடு. மணலில் உருட்டத்தான் வேண்டும். திரும்பும்போது பருத்தித்துறையில் தட்டைவடை வாங்குங்கள்.

கொக்குவிலான்:
சரி அண்ணை, ஞாயிறு குறிகட்டுவான். வடை அடுத்த கிழமை, அக்கா. இன்றைக்கே பம்ப் வாங்குகிறேன்.