எஃப்எஸ்சி தணிக்கை: தடி சான்று பெற்றதுதான், பில்லில் அது இல்லை. என்ன செய்வது?

தூத்துக்குடி பக்கம் மர அறுவை மில் வைத்திருக்கிறேன். நியூசிலாந்து பைன் தடி வாங்கி, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பேக்கிங் பெட்டி செய்கிறோம். ஒரு பார்ட்டி கேட்டதால் போன வருஷம் எஃப்எஸ்சி (பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளின் மரத்துக்கான உலகச் சான்று முறை) செயின் ஆஃப் கஸ்டடி சான்றிதழ் எடுத்தோம், அதாவது காட்டிலிருந்து கடைசிப் பொருள் வரை மரம் கைமாறும் சங்கிலிக்கான சான்று. இந்த வருஷத் தணிக்கையில் ஒரு லோடை ஆடிட்டர் ஏற்க மாட்டேன் என்கிறார். இறக்குமதியாளருக்குச் சான்றிதழ் இருக்கிறது, தடி முனையில் அவர்கள் அடித்த டேக் கூட அப்படியே இருந்தது. நாங்கள் வாங்கியது நடுவில் ஒரு டிப்போவில். டிப்போக்காரர் பில்லில் "பைன் தடி" என்று மட்டும் இருக்கிறது. இறக்குமதியாளர் பில் நகலைக் காட்டினால் போதுமா?

பதில் 1:
போதாது சார். டிப்போக்காரர் கமிஷன் ஏஜென்டாக மட்டும் இருந்து, பில் இறக்குமதியாளரிடமிருந்து நேராக உங்கள் பேருக்கு வந்திருந்தால் சிக்கல் இல்லை. அவர் தன் பேரில் வாங்கி விற்றிருந்தால் அவருக்கும் சான்றிதழ் வேண்டும். அதே தடி, அதே டேக் என்றாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

கேட்டவர்:
அவர் பேரில்தான் பில். பாதித் தடி பெட்டியாகிப் போயும்விட்டது, எங்கள் பில்லில் 'எஃப்எஸ்சி 100%' (மரம் முழுக்கச் சான்று பெற்ற காட்டிலிருந்து) என்று போட்டிருக்கிறோம். வயிற்றைக் கலக்குகிறது.

பதில் 2:
மறைக்க மட்டும் நினைக்காதீங்க தம்பி. மீதித் தடியை இன்றே தனியாக அடுக்கி, முனையில் வேறு கலர் பெயின்ட் அடித்து, சாதாரண மரமாக மட்டும் விற்கணும். தவறு தெரிந்ததிலிருந்து 5 வேலை நாளுக்குள் சான்றளித்த நிறுவனத்துக்கும் பெட்டி வாங்கிய பார்ட்டிக்கும் எழுத்தில் சொல்லணும், அது விதி. எங்கள் மில்லிலும் இப்படி ஒருமுறை ஆச்சு. எழுதும்போது கை நடுங்கியது, ஆனால் பார்ட்டி விலகவில்லை.

இனிமேல் லோடு இறக்கும் முன்பே பில்லைப் பாருங்க. 'எஃப்எஸ்சி 100%' மாதிரி எஃப்எஸ்சி வாசகமும் விற்பவரின் சான்றிதழ் எண்ணும் இரண்டும் இருக்கணும். அந்த எண்ணை எஃப்எஸ்சி தளத்தில் போட்டு, சான்றிதழ் நடப்பில் இருக்கா, பைன் தடி அதில் அடங்குமா என்று பாருங்க. பில்களை 5 வருஷம் பத்திரமா வைக்கணும்.

பதில் 1:
டிப்போவில் 15 பேருக்கு மேல் இல்லையென்றால் அவர் குழுச் சான்றிதழில் (சிறு நிறுவனங்கள் பல சேர்ந்து எடுப்பது) சேரலாம், செலவு பிரிந்துவிடும். பேசிப் பாருங்கள்.

கேட்டவர்:
இரண்டு மெயிலும் அனுப்பிவிட்டேன். அடுத்த லோடை இறக்குமதியாளரே எங்கள் பேருக்கு பில் போடச் சம்மதித்திருக்கிறார். மீதித் தடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தாச்சு. ரொம்ப நன்றி அண்ணே.